கொழும்பு வீட்டுத் தோட்டத்தில் நலிந்து நிற்கும் தேசி மரம்: காரணம் கண்டு குணப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் தேசி மரம் ஒன்று மஞ்சளித்தோ இலை உதிர்த்தோ நின்றால், இலைக்கு அடிக்கும் மருந்து ஒரு போத்தல் வாங்கி வருவதே பலரும் முதலில் செய்யும் வேலை. அந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இந்நகர வளவுகளில் இலையில் தெரியும் குறிகளுள் பெரும்பாலானவை வேரில் தொடங்குகின்றன. வேரில் நீர் தேங்கி அழுகிக்கொண்டிருக்கும் மரத்துக்கு எந்தத் தெளிப்பும் உதவாது. பசளையோ கேட்டைக் கூட்டும்.

தேசி, மண் இடையிடையே காய்ந்து காற்றோட்டம் பெறுவதை விரும்பும் மரம். அதனாலேயே இலங்கையில் அது மொனராகலை போன்ற உலர், இடை வலயப் பகுதிகளில் பெருமளவில் பயிரிடப்படுகிறது. கொழும்போ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் ஈர வலய நகரம். மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழையும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடி மழையும் மண்ணை வாரக்கணக்கில் ஈரமாகவே வைத்திருக்கின்றன. இதற்கு மேலாக, வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளில் மரத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் மதிலுக்கும் சீமெந்துத் தரைக்கும் இடைப்பட்ட ஒரு சிறு துண்டு நிலமே. இந்தச் சூழலில் தேசியை நலமாக வளர்க்க முடியும். ஆனால் அது நலியும்போது காரணத்தை ஓர் ஒழுங்கில் தேட வேண்டும்.

முதற்படி: தொடாமல் பார்த்தல்

காலை வெயிலில் மரத்தைச் சுற்றி ஒரு முறை மெதுவாக நடந்து பாருங்கள். மரம் முழுவதும் ஒரே மாதிரி வாடியிருக்கிறதா, ஒரு கொப்பு மட்டும் வாடியிருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் கருகியிருக்கிறதா என்பதே முதற் கேள்வி. முழு மரமும் மங்கியிருந்தால் வேரையோ அடிமரத்தையோ சந்தேகிக்க வேண்டும். ஒரு கொப்பு மட்டும் என்றால் அக்கொப்பிலேயே பங்கசு, தண்டு துளைப்பான் அல்லது முறிவு இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து வருவது என்ன என்று பார்க்க வேண்டும். கடலோர வீதிகளில் உப்புக் காற்று மேற்குப் பக்கத்து இலைகளின் நுனியையும் ஓரத்தையும் பழுப்பாக்கும். மாடி வீடுகளில் குளிரூட்டியின் வெளிப்பெட்டி ஊதும் சூடான காற்றும் இதே கருகலைத் தரும். அங்கே செய்யவேண்டியது சாடியை நகர்த்துவது மட்டுமே.

இரண்டாவது கேள்வி, பழுதடைந்திருப்பது முதிர்ந்த இலைகளா, புதிய துளிர்களா என்பது. இந்த ஒரு வேறுபாடு, பின்னர் சொல்லப்போகும் காரணங்களுள் பாதியை ஒதுக்கித் தரும் என்பதால், மறந்துவிடாமல் எழுதிவைப்பது நல்லது. இலையின் அடிப்பக்கத்தையும் கட்டாயம் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு சிறிய பூதக்கண்ணாடி இருந்தால் போதும். வேறு கருவி எதுவும் தேவையில்லை.

இரண்டாம் படி: அடிமரமும் வேரும்

அடிமரம் மண்ணுக்குள் நுழையும் இடத்தைக் கையால் விலக்கிப் பாருங்கள். வேர்கள் பிரியும் அகன்ற பகுதி மண்மட்டத்தில் தெரிய வேண்டும். கம்பம் நட்டதுபோல் தண்டு நேரே மண்ணுக்குள் இறங்கினால், மரம் ஆழமாக நடப்பட்டிருக்கிறது, அல்லது பிறகு மண்ணும் எருவும் அதன் மீது குவிக்கப்பட்டிருக்கின்றன. ஒட்டுக் கன்றாயின் ஒட்டிய இடம் மண்ணுக்கு ஒரு சாண் மேலே இருப்பது பாதுகாப்பு. கூட்டெருவையும் காய்ந்த இலைகளையும் தண்டைத் தொடும்படி குவிப்பது நல்லெண்ணத்தோடு செய்யப்படும் வேலையாயினும், ஈரமான பட்டையில் பைற்றொப்தொரா என்னும் நோய்க்கிருமி நுழைவதற்கு அதைவிட வசதியான வழி வேறில்லை.

அந்தக் கிருமி நுழைந்த மரத்தில், தண்டின் அடியில் தேன் நிறப் பிசின் கசிந்து உறைந்திருக்கும். அவ்விடத்துப் பட்டையைக் கத்தியால் இலேசாகச் சுரண்டினால், பச்சை கலந்த வெண்மைக்குப் பதிலாகக் கபில நிறமும் புளித்த வாடையும் தென்படும். பழுப்பு நிறம் தண்டைச் சுற்றி முழு வளையமாகியிருந்தால் மரத்தைக் காப்பாற்றுவது அரிது. சுற்றளவில் பாதிக்குக் குறைவாக இருந்தால் நம்பிக்கையோடு வைத்தியம் செய்யலாம். அழுகிய பட்டையை நல்ல பட்டையின் ஓரம் தெரியும்வரை சீவி எடுத்து, ஓரிரு நாள் காற்றில் உலரவிட்டு, போர்டோப் பசையைப் பூச வேண்டும்.

போர்டோப் பசையை வீட்டிலேயே செய்யலாம். ஒரு பிளாஸ்டிக் வாளியில் அரை லீற்றர் நீரில் 100 கிராம் மயில்துத்தத்தை, அதாவது செம்புச் சல்பேற்றைக் கரையுங்கள். அது முழுவதும் கரைய நேரமெடுக்கும் என்பதால் முதல்நாள் இரவே போட்டுவைப்பது உகந்தது. இன்னொரு வாளியில் அரை லீற்றர் நீரில் 100 கிராம் நீற்றிய சுண்ணாம்பைக் கலக்கி, துணியில் வடியுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலுக்குள் சிறிது சிறிதாக ஊற்றித் தடியால் கலக்கினால், வான்நீல நிறப் பசை உருவாகும். தேய்த்துத் துடைத்த இரும்பு ஆணி ஒன்றை அதில் சற்று நேரம் அமிழ்த்தி எடுங்கள். ஆணியில் செம்பு நிறம் படிந்திருந்தால் துத்தம் மிகுந்திருக்கிறது. அது பட்டையைச் சுடும். நிறம் படியாத வரை சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். கலவையை அன்றே பயன்படுத்திவிடுங்கள். உலோகப் பாத்திரத்தைத் தவிருங்கள், கையுறை அணியுங்கள், பிள்ளைகளும் வளர்ப்புப் பிராணிகளும் எட்டாத இடத்தில் வேலை செய்யுங்கள். 1880களில் பிரான்சின் போர்டோப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் பிறந்த இக்கலவை இன்றும் நம்பகமானதுதான். ஆயினும் செம்பு மண்ணில் தங்கிச் சேர்வதால் தேவையான இடத்தில் மட்டுமே பூச வேண்டும்.

பிசின் இல்லை, ஆனாலும் மரம் சோர்ந்திருக்கிறது என்றால், இலை விரிப்பின் விளிம்புக்குக் கீழே ஒரு சாண் ஆழம் தோண்டி மெல்லிய வேர்கள் சிலவற்றை எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் மஞ்சளாக, இழுத்தால் எதிர்க்கும் உறுதியோடு இருக்கும். அழுகிய வேரை விரலால் உருவினால் மேல்தோல் கழன்று, நடுவிலிருக்கும் நூல் மட்டும் மிஞ்சும். இதை ஒருமுறை கண்டவர், அழுகல் வேரை இனி எந்த மரத்திலும் அடையாளம் காண்பார். தோண்டிய குழியை ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் ஆழமாக்கி நீர் நிரப்புங்கள்; அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, இரண்டாம் முறை வடியும் நேரத்தைக் கவனியுங்கள். நாலைந்து மணித்தியாலம் கடந்தும் நீர் நின்றால் அந்த இடத்தின் வடிகால் போதாது. மண்ணுக்கடியில் கபுக் கல் எனப்படும் செம்புரைக் கல் இறுகியிருக்கலாம், அல்லது கட்டட வேலையின்போது இடிபாடுகளைப் போட்டு அடித்து இறுக்கியிருக்கலாம்.

இதற்குச் செய்யவேண்டியவை மூன்று. நீர் தேங்கும் பக்கத்திலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வெட்டி நீரை வெளியேற்ற வேண்டும். தண்டை ஒட்டிய மண்ணை விலக்க வேண்டும். மேல் இரண்டு அங்குல மண் காயும்வரை நீர் விடக்கூடாது. வேர் இழந்த மரம் பழைய அளவு இலைகளைத் தாங்காது என்பதால், காய்ந்த கொப்புகளையும் உள்நோக்கி வளர்ந்தவற்றையும் கழித்துவிடுவது நல்லது. புதுத் துளிர் வரும்வரை பசளை இட வேண்டாம். கன்று சிறிதாயின், மழை ஓய்ந்த சனவரி, பெப்ரவரி மாதங்களில் வேர்மண்ணோடு பெயர்த்து, முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் மீண்டும் நடுவதே நிலையான தீர்வு.

சாடியில் வளரும் தேசிக்கு வேறு இரு தொல்லைகள் உண்டு. வேர்கள் சாடிக்குள் வட்டமாகச் சுற்றி இறுகுவது ஒன்று. அப்படியாயின் வெளிச்சுற்று வேர்களைக் கூரிய கத்தியால் நெடுக்காக நாலைந்து இடத்தில் கீறி, பெரிய சாடிக்கு மாற்ற வேண்டும். மற்றது உப்பு. கடலோரக் கிணற்று நீர் நாக்கில் உவர்ப்பாகத் தெரிந்தால் அதைச் சாடிக்கு ஊற்றவே வேண்டாம். ஏற்கெனவே இலை நுனிகள் கருகியிருந்தால், குழாய் நீரையோ மழை நீரையோ சாடியின் அடித்துளையால் தாராளமாக வழிந்தோடும்வரை ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றலாம்.

மூன்றாம் படி: மஞ்சள் நிறத்தை வாசித்தல்

வேரும் அடிமரமும் நலமாயிருந்தும் இலை மஞ்சளித்தால், மஞ்சளின் அமைப்பைப் பார்க்க வேண்டும். முதிர்ந்த இலைகள் நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளிறினால் நைதரசன் குறைவு; நல்ல கூட்டெருவும் மாட்டெருவும் தொடர்ந்து இட்டாலே தேறிவிடும். முதிர்ந்த இலையில் விளிம்பும் நுனியும் மஞ்சளித்து, காம்பருகில் மட்டும் கூம்பு வடிவில் பச்சை எஞ்சினால் மக்னீசியம் குறைவு. அமிலத்தன்மை கொண்ட சிவப்பு மண்ணிலிருந்து கனமழை மக்னீசியத்தைக் கழுவிக்கொண்டு போவதால், கொழும்பில் இது அடிக்கடி தென்படும். ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பை, அதாவது மக்னீசியம் சல்பேற்றைக் கரைத்து மாலை வேளையில் இலைகளில் தெளித்தால் விரைவில் பயன் தெரியும். மண் உண்மையில் அமிலமாயிருந்தால், கடைகளில் கிடைக்கும் தொலமைற்று என்னும் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல் தூளை அளவாக இடுவது நீடித்த பலன் தரும்.

புதிய இலைகள் மஞ்சளித்து, நரம்புகள் மட்டும் பச்சை வலையாகத் தெரிந்தால் இரும்புக் குறைவு. இலைகள் சிறுத்து ஒடுங்கி, நரம்புகளுக்கிடையே மஞ்சள் திட்டுக்கள் விழுந்தால் நாகக் (துத்தநாகக்) குறைவு. இங்கேதான் நகர வளவுகளின் தனிச் சிக்கல் வருகிறது. கொழும்பு மண் இயல்பில் அமிலமாயினும், மதிலோரத்து மண்ணில் சீமெந்துக் கழிவும் பழைய சுண்ணாம்புச் சாந்தும் கலந்து அதைக் காரமாக்கிவிடுகின்றன. சலவைத் தண்ணீரை மரத்தடியில் ஊற்றும் பழக்கமும் அதையே செய்யும். கார மண்ணில் இரும்பும் நாகமும் இருந்தும் வேரால் அவற்றை எடுக்க முடியாது. அத்தகைய மரத்துக்குத் தொலமைற்று இடுவது நேர்மாறான வைத்தியம். ஆகவே, மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பார்க்காமல் தொலமைற்றோ சுண்ணாம்போ இடவேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். தேசிக்கு 5.5 முதல் 6.5 வரை உகந்தது. அளவு 7ஐத் தாண்டியிருந்தால், சீமெந்துத் துண்டுகளைப் பொறுக்கி அகற்றி, கூட்டெருவும் தும்புத்தூளும் கலந்து, இலைவழியாக நுண்ணூட்டக் கலவையை உறையில் குறித்த அளவில் கொடுக்க வேண்டும்.

நான்காம் படி: பூச்சிகள்

துளிர் இலைகளில் வெள்ளி நிற வளைகோடுகள் தெரிந்து, இலை சுருண்டால் அது இலைச்சுரங்கப் புழு. பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும், வளர்ந்த மரத்துக்கு இதனால் பெருங்கேடு இல்லை. சுருண்ட இலைகளையெல்லாம் கிள்ளி எறிவது மரத்தின் உணவைக் குறைப்பதாகும், விட்டுவிடலாம். சிறு கன்றில் மட்டும், துளிர் விரல் நீளம் வரும்போதே, ஒரு லீற்றர் நீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரமும் கலந்து, வாரம் ஒருமுறை மாலையில் தெளித்தால் போதும். பூத்திருக்கும் வேளையில் தெளிக்க வேண்டாம்; தேனீக்கள் வரும்.

இலைமேல் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் தேசி வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்ததும் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவராக ஓர் உறுப்பை நீட்டிக் கடும் மணம் வீசும். இரண்டடிக் கன்றை ஓரிரு புழுக்களே சில நாட்களில் மொட்டையாக்கிவிடக்கூடும். கையால் எடுத்துவிடுவதே சிறந்த வழி. பெரிய மரத்தில் சில புழுக்களை விட்டுவைப்பதால் மரத்துக்கு நட்டமில்லை; வளவுக்கு வண்ணத்துப்பூச்சியும் கிடைக்கும்.

இலைகளில் கரி பூசியதுபோன்ற படலம் இருந்தால், செதிற்பூச்சி, மாவுப்பூச்சி, வெண் ஈ ஆகியவை சுரக்கும் இனிப்பு நீரில் வளரும் கரும் பங்கசு அது. பங்கசுக்கு மருந்து தேவையில்லை. பூச்சியை ஒழித்தால் கரி தானே உரிந்து விழும். சவர்க்கார நீரில் தோய்த்த துணியால் கொப்புகளைத் துடைத்து, பிறகு வேப்பெண்ணெய்க் கலவையைத் தெளியுங்கள். எறும்புகள் அந்த இனிப்புக்காக இப்பூச்சிகளைக் காவல் காப்பதால், மதிலையும் கம்பியையும் தொடும் கொப்புகளை வெட்டி எறும்பின் வழியை அடைக்க வேண்டும். முசுறு மட்டும் இருவகைக் குணம் கொண்டது: செதிற்பூச்சியைக் காத்தாலும் புழுக்களை வேட்டையாடும். தென்சீனத்தில் பல நூற்றாண்டுகளாகவே தோடை இன மரங்களில் முசுறுக் கூடுகளை வாங்கிக் கட்டிவந்தனர். கடி தாங்கக்கூடியவர் அதை விட்டுவைக்கலாம்.

ஐந்தாம் படி: சொறி நோய்

இலையின் இரு பக்கத்திலும் விரலுக்குத் தட்டுப்படும் தக்கை போன்ற கபிலப் புள்ளிகளும், அவற்றைச் சுற்றி மஞ்சள் வளையமும், காயில் சொறியும் இருந்தால் அது பக்ரீரியாவால் வரும் சொறி நோய். புள்ளிகள் தட்டையாக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். நாட்டுத் தேசி இந்நோய்க்கு மிக எளிதில் ஆட்படும். காற்றோடு அடிக்கும் மழை இதைப் பரப்பும். இலைச்சுரங்கப் புழு கிழித்த இடம் அதற்கு வாசலாகும். வந்த புள்ளியை எந்த மருந்தும் நீக்காது. காய்ந்த நாளொன்றில் நோயுற்ற சுள்ளிகளை வெட்டி எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் பின் கத்தரிக்கோலை மதுசாரத்தால் துடையுங்கள். மழை தொடங்கித் துளிர் வரும் காலத்தில் செம்புப் பங்கசுகொல்லி ஒன்றை உறையில் உள்ள அளவிலும் இடைவெளியிலும் தெளித்து புதிய இலைகளைக் காக்க வேண்டும். தெளித்தபின் காய் பறிக்கக் காத்திருக்கவேண்டிய நாட்களும் உறையில் இருக்கும். சில புள்ளிகள் உள்ள காய் உண்பதற்குத் தீங்கற்றது.

ஆறாம் படி: பச்சையாதல் நோய்

இதை மட்டும் தவறவிடக் கூடாது. இலையின் மஞ்சள் ஒழுங்கின்றி, நடுநரம்பின் ஒரு பக்கம் ஒரு விதமாகவும் மறுபக்கம் வேறு விதமாகவும் திட்டுத்திட்டாக இருக்கும். ஊட்டக் குறைவின் மஞ்சள் இரு பக்கமும் ஒத்திருக்கும். ஐயம் தீர, பேனாவால் நடுநரம்பின் இரு புறமும் நேருக்கு நேராகச் சிறு வட்டங்கள் வரைந்து, இரண்டினுள்ளும் நிறத்தை ஒப்பிடுங்கள். ஒரு வட்டத்துக்குள் பச்சையும் மற்றதற்குள் மஞ்சளும் பல இலைகளில் கண்டால் சந்தேகம் வலுக்கும். காய்கள் கோணலாகச் சிறுத்து, விதைகள் கருகியிருந்தால் மேலும் வலுக்கும்.

இந்நோயைப் பரப்புவது மூன்று, நான்கு மில்லிமீற்றர் நீளமான சைலிட் என்னும் பூச்சி. தலை தாழ்த்தி, பின்புறம் உயர்த்தி, சாய்வாகத் துளிரில் அமர்ந்திருக்கும். அதன் குஞ்சுகள் வெண்மெழுகு இழைகளைச் சுரக்கும். கறிவேப்பிலையிலும், சிங்களத்தில் எட்டேரிய எனப்படும் வெண்பூ வேலிச்செடியிலும் இப்பூச்சி பெருகுவதால், தேசிக்கு அருகில் அவை இருந்தால் அவற்றின் துளிர்களையும் பார்க்க வேண்டும். நோய்க்கு இன்றுவரை குணமாக்கும் மருந்து இல்லை; 2005இல் புளோரிடாவில் கண்டறியப்பட்ட பின் அம்மாநிலத்தின் தோடைத் தோட்டங்களையே அது சிதைத்தது. நோய் உறுதியானால் மரத்தை அகற்றுவதே அயல் வளவுகளுக்குச் செய்யும் கடமை. வெட்டுவதற்கு முன் சவர்க்கார வேப்பெண்ணெய்க் கலவையை நன்கு தெளித்துப் பூச்சிகளைக் கொல்லுங்கள். இல்லாவிட்டால் அவை அடுத்த வீட்டுத் தேசிக்குப் பறக்கும். அடிக்கட்டை மறுபடி துளிர்க்காதபடி தோண்டி எடுங்கள். கிருமி மண்ணில் தங்காது என்பதால் அதே இடத்தில் நலமான கன்றை நடலாம். அகற்றுமுன் உறுதிப்படுத்த விரும்புபவர், விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனை இலக்கத்தை அழைத்து விளக்கம் கேட்கலாம்.

கொப்புகள் காய்தல்

நுனியிலிருந்து பின்னோக்கிக் காயும் சுள்ளிகளைக் காய்ந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே, பச்சை மரத்தில் வெட்டுங்கள். கொப்பில் இளஞ்சிவப்புப் படலம் படர்ந்திருந்தால் அது மழைக்காலப் பங்கசு. வெட்டி எரித்து, வெட்டு வாயில் போர்டோப் பசை பூச வேண்டும். தேசியின் இலையை ஒத்திராத தடித்த இலைகளோடு குருவிச்சை முளைத்திருந்தால், அதைப் பிடுங்கினால் மீண்டும் வரும். அது பற்றியுள்ள கொப்பையே சற்றுக் கீழே வெட்ட வேண்டும்.

தேறுதலை அறிதல்

மஞ்சளித்த, சுருண்ட, சொறி விழுந்த பழைய இலைகள் பழைய நிலைக்குத் திரும்பமாட்டா. ஆகவே அவற்றைப் பார்த்து வைத்தியம் பலிக்கவில்லை என்று முடிவுசெய்து, அடுத்த மருந்துக்குத் தாவ வேண்டாம். அடுத்து வரும் துளிரையே பார்க்க வேண்டும். அது பரந்து, பளபளப்பாக, பச்சையாக விரிந்தால் மரம் தேறுகிறது. ஒரு மாற்றத்தைச் செய்தபின் அடுத்த துளிர்வரை, அதாவது ஓரிரு மாதமாவது, காத்திருந்தபின்னரே இன்னொன்றைத் தொடுங்கள். வேரழுகலிலிருந்து மீளும் மரம் முதலாண்டில் பூத்தாலும், பிஞ்சுகளில் பெரும்பகுதியைக் கிள்ளிவிடுவது அதற்குச் செய்யும் உதவி. பசளையை, புதிய இலைகள் முதிர்ந்து கடும்பச்சை ஆனபின், இலை விரிப்பின் விளிம்புக்குக் கீழே, தண்டிலிருந்து விலகிச் சிறிதளவாகத் தொடங்கலாம்.